சண்டைச் சேவலின் ஜாதி அடையாளமும் குணமும்

தை மாதம் நெருங்கும் சமயத்தில் நம் ஊர்ச் சந்தைகளில் சேவல் விலை ஏறுவது யாவரும் அறிந்ததே. சாதாரண நாட்டுச் சேவலின் விலையைப்போல் பன்மடங்கு தொகையைச் "சுத்த அசில்" என்னும் பெயருக்காகவே கொடுத்து வாங்கிச் செல்வோர் உளர். அவர்களில் அநேகர் முதலில் பார்ப்பது நிறம். அடுத்துக் கேட்பது, விற்பவன் சொல்லும் வமிசக் கதை. இவ்விரண்டும் ஜாதியை நிச்சயிக்க உதவுவன அல்ல.

எமக்குத் தெரிந்த நிலச்சுவான்தார் ஒருவர், பொன்னிறக் கழுத்தும் செந்நிற உடலும் கொண்ட சேவலொன்றை, இரண்டு குட்டிகளோடு கூடிய பால் ஆட்டின் விலை கொடுத்து வாங்கி வந்தார். தம் பண்ணையில் தலைமுறையாக இருந்துவந்த பழைய சேவல்களை விற்றுவிட்டு, எட்டுப் பெட்டைகளுக்கும் இதனையே துணையாக விட்டார். அவ்வருஷம் பொரித்த குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதிக்கு ரம்பப் பற்கள்போல் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை கிளம்பியது. வாங்கிய சேவல் கலப்பு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. விற்றுவிட்ட சேவல்களைத் தேடிப் போனபொழுது அவை கறியாகிவிட்டிருந்தன. பணநஷ்டத்தைக் காட்டிலும் அந்த வமிசம் போனதே அவருக்குப் பெரிய நஷ்டம். சேவல் வாங்கும் குடியானவர் எவருக்கும் இத்தகைய ஏமாற்றம் நேரக்கூடும் ஆதலால், ஜாதியையும் குணத்தையும் எவ்விதம் அறிவது என்பதைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

அசில் என்பது அரபு மொழிச் சொல். கலப்பற்றது, உயர்குலத்தது என்பது அதன் பொருள். ஆந்திரத்தின் கிழக்குக் கடற்கரை மாவட்டங்கள், ஒரிஸ்ஸாவின் தென்பகுதி, சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதி ஆகியவை இவ்வினத்திற்குப் பிரசித்தி பெற்றவை. தமிழ்நாட்டில் குடியானவர்கள் நாட்டுக்கோழியைச் சிறுவிடை என்றும் பெருவிடை என்றும் இருவகையாகப் பிரிப்பர். பெருவிடை என்பது பெரும்பாலும் அசில் இரத்தம் உள்ளது. ஆயினும் பெருவிடை யாவும் அசில் என்று கொள்வது பிழை. இச்சேவல்களின்மீது நம்மவர் கொண்ட மதிப்பு மிகப் பழையது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போர்ச்சேவல் ஒன்றுக்காக நடப்பெற்ற நடுகல் கிடைத்திருக்கிறது; அது ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனிதருக்கு நடுகல் நட்ட நாட்டில் சேவலுக்கும் நட்டார்கள்.

இனி நிறத்தைப் பற்றிய மயக்கத்தை முதலில் நீக்குவோம். அசிலில் பொன்சிவப்பானதைப் பீலா என்றும், கறுப்பும் சிவப்பும் கலந்ததை யாகூப் என்றும், வெள்ளையை நூரி என்றும், முழுக் கறுப்பைக் காகர் என்றும், கறுப்பில் வெண்புள்ளி கொண்டதைச் சித்தா என்றும், பழுப்பு நிறமுள்ளதை டீக்கர் என்றும் வடநாட்டார் வழங்குவர். ஆந்திரத்திலோ காகி, டேகா, நெமலி, சேது, சவலா, பிங்களா முதலிய வேறு பெயர்கள் உள்ளன. எந்நிறச் சேவல் எந்நாளில் வெல்லும் என்று கூறும் குக்குட சாஸ்திரமும் அங்கே வழக்கில் உண்டு. இப்பெயர்கள் யாவும் இறகின் வர்ணத்தைக் குறிப்பனவேயன்றி வெவ்வேறு ஜாதிகளைக் குறிப்பன அல்ல. ஒரே பெட்டை ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் இரண்டு மூன்று நிறங்கள் இருப்பதைக் கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் காணலாம். மேலும், பொன்சிவப்பு நிறம் காட்டுக்கோழிக்கும் உண்டு. குப்பைமேட்டுச் சிறுவிடைக்கும் உண்டு. ஆகையால் "நல்ல பீலா" என்று ஒருவன் கூறினால் அவன் இறகைப்பற்றிப் பேசுகிறான் என்று மட்டுமே எண்ணவேண்டும்.

ஜாதியைக் காட்டுவது எலும்பும், கொண்டையும், இறகின் தன்மையும், நிற்கும் நிலையுமாம்.

தலையிலிருந்து தொடங்குவோம். அசிலின் மண்டை அகன்றிருக்கும்; புருவ எலும்பு முன்தள்ளி நிற்பதால் முகத்தில் ஒருவிதக் கடுகடுப்புத் தோன்றும். அலகு குட்டையாகவும் தடித்தும், அடியில் அகன்றும், நுனியில் சிறிதே வளைந்தும் இருக்கும். வாய் மூடியிருக்கையில் மேலலகும் கீழலகும் சந்தில்லாமல் பொருந்த வேண்டும். முற்றிய பறவையின் விழி முத்துப்போல் வெளுத்திருப்பது சிறப்பு. இளம் பறவையில் மஞ்சட்சாயல் இருந்தால் அதனைக் குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை. கொண்டை தாழ்ந்து, மூன்று வரிசையான சிறு முடிச்சுகளாய், பட்டாணி மணிகளைப் பதித்தாற்போல் மண்டையோடு ஒட்டிக் காணப்படும். இதனைப் பட்டாணிக் கொண்டை என்போம். தாடையின் கீழ்த் தொங்கும் தாடி அநேகமாக இராது. இருப்பினும் மிகச் சிறியதாகவே இருக்கும். காதுமடல் சிறுத்துச் சிவந்திருக்கும்.

கழுத்து நீண்டு தசைப்பற்றுள்ளது. மேலிருந்து நோக்கினால் உடல் தோளில் அகன்று, வாலை நோக்கிக் குறுகிச் செல்லும். இறக்கைகள் குட்டையானவை, அவற்றின் முனைகள் தோளில் புடைத்து நிற்கும். இறகுகள் குறுகியும் விறைத்தும் உடலோடு ஒட்டியும் இருப்பதால், மார்பெலும்பின் மேலும் இறக்கை முனையிலும் செந்நிறத் தோல் வெளியே தெரிவதுண்டு. பஞ்சுபோன்ற மெல்லிறகு மிகக் குறைவு. இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: சேவலைக் கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குத் தோன்றியதைவிடக் கனமாக இருந்தால் அது அசிலின் லட்சணம். பார்வைக்குப் பெரிதாயிருந்து, தூக்கினால் இலேசாக இருப்பது இறகால் பெருத்த கோழி.

தொடை உருண்டு, தசை இறுகியிருக்கும். கால்கள் தடித்து ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். முட்டிகள் உட்பக்கம் சேர்ந்திருத்தல் கூடாது. வால் சிறுத்து, தாழ்ந்து நிற்கும். நன்கு வளர்ந்த சேவல் நான்கு முதல் ஐந்து கிலோவும், பெட்டை மூன்று முதல் நான்கு கிலோவும் நிறை உள்ளவை. ரெஜா எனப்படும் சிறுவகை இதனினும் குறைந்த நிறையுடையது.

மஞ்சட்காலைப் பார்த்தவுடன் அந்நிய ரத்தம் என்று ஒதுக்குவோர் சிலர் உளர். இது சரியன்று. கோழியின் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபுக்கூறு, நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே எனினும், மஞ்சட்கால் இந்நாட்டுச் சொத்துத்தான்.

சந்தையில் அசில் என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றுள் மூன்று விதக் கலப்பைக் காண்கிறோம். லெகார்ன் கலப்பானால் காதுமடலில் வெண்மை தட்டும். கொண்டையும் தாடியும் பெருத்துத் தொங்கும். ரோடு ஐலண்டு ரெட் கலப்பானால் உடல் செங்கல்லைப்போல் நீள்சதுரமாகவும், இறகு தளர்ந்தும், முதுகு தரைக்கு ஒத்த மட்டமாகவும் இருக்கும். இறைச்சிக்கோழிக் கலப்பானால் மார்பு பெருத்து, கால் குட்டையாகி, தசை அழுத்தினால் மெத்தென்றிருக்கும். சிறிது ஓடவிட்டால் இளைத்து வாய் திறக்கும். ஒற்றைக் கொண்டையையும் தாடியையும் இளமையிலேயே அறுத்துவிட்டு அசிலாக்கி விற்பவரும் இருக்கிறார்கள். விரலால் மண்டையைத் தடவினால் முடிச்சுகள் தட்டுப்படாமல், நீளவாட்டில் தழும்பேறிய ஒரு வரப்புத் தட்டுப்படும். கொண்டை அறுபட்ட சேவலை, காரணம் எதைச் சொல்லினும், வித்துக்காக வாங்காதிருப்பது நலம். அவ்வாறே காலின் முள்ளை அராவி வயதைக் குறைத்துக் கூறுவதும் உண்டு. முள்ளின் நுனி மழுங்கித் தட்டையாயிருந்தால் கணைக்காலின் செதில்களைப் பாருங்கள். இளஞ்சேவலின் செதில் வழவழப்பாகவும், கிழச்சேவலின் செதில் தடித்துச் சொரசொரப்பாகவும் இருக்கும்.

திண்டுக்கல், திருச்சி முதலிய இடங்களில் வளர்க்கப்படும் கிளிமூக்கு விசிறிவால் சேவலை இந்தக் கணக்கில் சேர்த்தல் கூடாது. கிளியின் அலகுபோல் வளைந்த மூக்குக்கும் நீண்டு விரிந்த வாலுக்கும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த அழகு வகை அது. கண்காட்சிகளிலே அதற்குத் தனி மதிப்பும் தனி அளவுகோலும் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத்தும் வேறு. தோலும் கொண்டையும் தசையும் கறுத்த அந்த இனத்திற்கு 2018-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுத்த இறகுள்ள காகர் அசிலைக் கடக்நாத் என்று விற்பதும் நடக்கிறது. நாக்கையும் தோலையும் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மேற்கூறிய அடையாளங்கள் யாவும் பொருந்தியிருந்தும், ஒரு சேவல் கலப்பாக இருக்கக்கூடும். இதுவே இக்கட்டுரையில் வாசகர்கள் முக்கியமாய் மனத்திற்கொள்ள வேண்டிய விஷயம். காரணம் யாதெனில், பட்டாணிக் கொண்டை ஓங்கு குணம். ஒற்றைக் கொண்டை ஒடுங்கு குணம். தந்தையிடமிருந்து பட்டாணிக் கொண்டைக்குரிய கூறும், தாயிடமிருந்து ஒற்றைக் கொண்டைக்குரிய கூறும் பெற்ற குஞ்சு, வெளிப்பார்வைக்குப் பட்டாணிக் கொண்டையுடனேயே வளரும். கொண்டை சற்று உயர்ந்திருக்கும், அவ்வளவே. இங்கிலாந்தில் பேட்ஸன் என்பவர் கோழிகளின் கொண்டையைக் கொண்டே மெண்டலின் பாரம்பரிய விதி பிராணிகளுக்கும் பொருந்தும் என்று 1902-ம் ஆண்டில் காட்டினார். பட்டாணிக் கொண்டையின் காரணம் 2009-ம் ஆண்டில் மேலும் தெளிவாயிற்று: ஒரு மரபணுவின் உட்பகுதியிலுள்ள துண்டு பலமுறை பெருகியிருப்பதே அது. கொண்டையும் தாடியும் ஒருங்கே சிறுத்திருப்பதும் இதன் விளைவே.

இவ்விதியைக் குடியானவர் தம் வீட்டு முற்றத்திலேயே உபயோகித்துக்கொள்ளலாம். சந்தேகமுள்ள சேவலை, ஒற்றைக் கொண்டையுள்ள சிறுவிடைப் பெட்டைகள் இரண்டு மூன்றுடன் தனியே அடைத்து விடவேண்டும். அப்பெட்டைகள் முன்பு வேறு சேவலுடன் இருந்திருந்தால், பிரித்தபின் மூன்று வாரம் கழிந்து இடும் முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும். ஏனெனில் முந்திய சேவலின் வித்து பெட்டையின் உடலில் பல நாட்கள் தங்கும். குஞ்சுகள் சில வார வயதாகும்போது கொண்டையின் வடிவம் ஐயமின்றித் தெரியும். ஒரேயொரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை இருந்தாலும் சேவல் கலப்பு என்பது உறுதி. கலப்புச் சேவலானால் சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் அவ்வாறு இருக்கும். பத்துக் குஞ்சுகளும் பட்டாணிக் கொண்டையாகவே இருந்தால், கலப்புச் சேவல் அவ்விதம் தப்பிவிடுவது ஆயிரத்தில் ஒரு முறையே நேரக்கூடியது. ஆகவே கொண்டையைப் பொறுத்தமட்டில் அச்சேவலை நம்பலாம். கொண்டை ஒன்றைத்தான் இச்சோதனை நிரூபிக்கும் என்பதையும் மறக்கலாகாது. எலும்பும் நிலையும் குஞ்சுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வருகின்றனவா என்று ஐந்து மாதம் வரையில் கவனித்த பின்னரே பழைய சேவலை விற்பது விவேகம். மேலே குறிப்பிட்ட நிலச்சுவான்தார் செய்யத் தவறியது இதனைத்தான்.

இனிக் குணத்தைப்பற்றிச் சொல்லுவோம். எல்லாக் கோழிகளும் சண்டையிடும். ஒரு கூட்டத்தில் எது எதனைக் கொத்தலாம் என்ற வரிசைமுறை உண்டு என்பதை நார்வே நாட்டு ஷெல்டரப்-எப்பே என்பவர் 1920-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். சாதாரணச் சேவல் இரண்டு சந்தித்தால் கழுத்திறகைச் சிலிர்த்து, இரண்டொரு முறை பாய்ந்து, பலத்தை அளந்துகொள்ளும். தோற்றது தலையைத் தாழ்த்தி விலகும், வென்றது துரத்துவதோடு விட்டுவிடும். காட்டுக்கோழியின் இயல்பும் இதுவே. காட்டில் காயமுற்ற பறவைக்கு நாளைய பொழுது நிச்சயமில்லை. சண்டைச் சேவலிடத்தில் மனிதன் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கி எடுத்தது, இந்த விலகும் குணம் இல்லாமையை. அதன் பாய்ச்சல் மற்றதைவிட வேகமானது என்பதன்று விசேஷம். அது நிறுத்துவதில்லை என்பதே விசேஷம். விலக்குவார் இன்றிக் குப்பைமேட்டில் தானே மூண்டு தானே முடியும் கோழிச் சண்டையை உவமையாக்கிய சங்கப் புலவர் ஒருவர் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். அச்செய்யுள் குறுந்தொகையில் இருக்கிறது. விலக்குவார் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை அவர் நேரில் கண்டவராகவே தோன்றுகிறது.

ஆனால் தன் இனத்தோடு பொருதும் இக்குணத்தை முரட்டுத்தனம் என்று எண்ணுவது தவறு. நல்ல அசில் தன்னை வளர்ப்பவன் கையில் அமைதியாக நிற்கும். சிறுவரும் அதனைத் தூக்கலாம். அந்நியன் அருகே வந்தாலும் சிதறி ஓடாது. மனிதர்மேல் பாயும் சேவலை "வீரமுள்ளது" என்று மெச்சி விலை கூட்டிக் கொடுப்பவரைக் கண்டிருக்கிறோம். அது வீரமன்று, பெரும்பாலும் வளர்ப்பின் குற்றம். தாயும் உடன்பிறப்பும் இன்றி மனிதர் கையிலேயே தனியாக வளர்ந்த குஞ்சு, வளர்ந்தபின் மனிதரையும் எதிரிச் சேவலாகப் பாவிப்பது உண்டு. ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றி வருவது அதன் முதல் அறிகுறி. அச்சமயம் கோலால் அடித்தால் சண்டை வலுக்குமேயன்றித் தணியாது. அதனைத் தூக்கிக் கைக்கிடுக்கில் அடக்கமாகச் சிறிது நேரம் வைத்திருந்து, அமைதியானபின் விடவேண்டும். அவ்வாறு சில வாரம் செய்தும் குழந்தைகள்மேல் பாய்வது நிற்காவிடில், அந்தச் சேவலை வித்துக்கு வைத்துக்கொள்வது கூடாது. முள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பாயும் என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் நினைவில் வைக்கவேண்டும்.

பெட்டைகளும் சாதுவானவை அல்ல. புதிய பெட்டை ஒன்றைக் கூட்டத்தில் விட்டால் ரத்தம் வரும்வரை கொத்திக்கொள்ளும். அடை காப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் இவற்றுக்கு இணையில்லை. குஞ்சுகளோடு இருக்கும் அசில் பெட்டை பருந்தையும் கீரியையும் நாயையும் எதிர்க்கும். முட்டை மட்டும் குறைவு. ஆண்டுக்கு நாற்பதை எட்டுவது அருமை. முட்டைக்காகக் கோழி வளர்ப்பவர் இந்த ஜாதியை நாட வேண்டியதில்லை.

குஞ்சுகள் சில வார வயதிலேயே ஒன்றையொன்று எதிர்த்து நிற்கப் பழகும். ஒரே தாயின் சேவற்குஞ்சுகள் சேர்ந்து வளரும்வரை ஒருவாறு இணங்கியிருக்கும். ஆனால் ஒன்றைப் பிடித்து இரண்டு நாள் அப்பால் வைத்திருந்து திரும்ப விட்டால், மற்றவை அதனை அந்நியனாகவே கொள்ளும். சந்தைக்குக் கொண்டுபோய் விலைபோகாமல் திரும்பிய சேவற்குஞ்சை இருட்டியபின் கூட்டில் விட்டுவிட்டு, விடிந்ததும் இரண்டு மூன்று குருடாகிக் கிடப்பதைக் கண்டு வருந்தியவர் பலர். நான்காம் ஐந்தாம் மாதத்திற்குள் சேவற்குஞ்சுகளைத் தனித்தனியே பிரித்துவிடவேண்டும். கம்பிவலை மட்டும் போதாது. வலையின் இருபுறமும் நின்று அலகையும் காலையும் புண்ணாக்கிக்கொள்ளும். இரண்டு அடி உயரத்திற்காவது தென்னங்கீற்றோ பலகையோ வைத்து ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் மறைக்க வேண்டும். சிறுவிடைப் பெட்டைகளின்மேல் அசில் சேவலை விட்டுப் பிறக்கும் கலப்புச் சேவல்களுக்கும் இது பொருந்தும். நிறை கூடுவதோடு சண்டைக் குணமும் கூடவே வரும். புதிதாய் வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே வைத்திருப்பதும், ராணிக்கேத் நோய்க்குத் தடுப்பூசி போடுவதும் அவசியம். நாட்டு ஜாதிக்கு நோய் வராது என்ற நம்பிக்கையால் ஒரே வாரத்தில் கூடு காலியான கிராமங்கள் உண்டு.

இந்த ஜாதியைச் சண்டைக்கன்றி வேறெதற்கு வைத்துக்கொள்வது என்று சிலர் கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்ற அசில் சேவல்களைக் கொண்டே, இந்தியன் கேம் என்றும் பின்னர்க் கார்னிஷ் என்றும் பெயர்பெற்ற இனம் உருவாயிற்று. சண்டைக்கு அது உதவவில்லை, மார்புத்தசையோ மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 1948-ம் ஆண்டில் நடந்த இறைச்சிக்கோழிப் போட்டியில் கார்னிஷ் கலப்பே வென்றது. இன்று உலகெங்கும் விற்கும் இறைச்சிக்கோழியின் தந்தைவழியில் அந்த ரத்தம் ஓடுகிறது. நம் சேவலின் மார்பு அங்கே செல்வமாயிற்று. நாம் அதனை நிறத்திற்காக விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சண்டைச் சேவல் வளர்ப்பதும் விற்பதும் குற்றமல்ல. பிராணிகளைச் சண்டையிடத் தூண்டுவது 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவின்படி குற்றம். காலில் கத்தி கட்டுவதும் பந்தயப்பணம் வைப்பதும் அக்குற்றத்தை மேலும் பெருக்கும். கத்தி கட்டிய சேவலின் முதல் வீச்சு, பிடித்திருப்பவன் தொடையிலோ மணிக்கட்டிலோ பட்டு அவனே மாண்டுபோன சம்பவங்களும் நிகழ்ந்துள்ளன. ஜாதியை வளர்ப்பவரையும் பந்தயம் நடத்துபவரையும் ஒன்றாகப் பாவித்தல் நியாயமன்று.

வித்துச் சேவல் வைத்திருப்போர் குஞ்சு பொரித்த அன்றே அடைத்தாயின் அடையாளத்தையும் தேதியையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும். காலுக்கு வர்ண வளையம் இட்டு, குஞ்சு வளர வளர அதனைத் தளர்த்தி மாற்றிவரவும். இறுகிய வளையம் காலையே முடமாக்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் கொண்டை, நிறை, காலின் நிலை ஆகிய மூன்றையும் அதே பக்கத்தில் குறித்து வைத்தால், வாங்க வருபவரிடம் கதை சொல்ல வேண்டியதில்லை, புத்தகத்தைக் காட்டலாம்.